சந்திர மண்டலம் வீடு வந்து சேர்ந்த கதை

ப்யூனஸ் அயர்ஸ் நகரத்தில் பழைய படங்களைத் திரையிடும் சங்கம் ஒன்றை நடத்திவந்த சால்வடோர் சம்மாரிட்டானோ என்பவர், தாம் பட்ட ஓர் அவஸ்தையை நண்பர்களிடம் சொல்வதுண்டு. ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தின் பிரதி ஒன்றை ஒருமுறை அவர் திரையிட்டபோது, பிலிம் காய்ந்து சுருங்கிப் போயிருந்தபடியால் புரொஜெக்டரில் சரியாகப் பொருந்தாமல் துள்ளிக்கொண்டே இருந்ததாம். அது நழுவிவிடாதபடி இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்ததாம். கேட்டவர்கள் அந்த விரலுக்காக அநுதாபப்பட்டார்கள். பெர்னாண்டோ மார்ட்டின் பென்யா என்ற திரைப்படச் சரித்திர ஆராய்ச்சியாளர் மட்டும் விரலை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேலா? உலகத்தில் அப்போது கிடைத்துவந்த பிரதிகளெல்லாம் வெட்டிக் குறுக்கப்பட்டவை ஆயிற்றே. அவ்வளவு நேரம் ஓடுவதற்கு அவற்றில் படம் ஏது?

1927-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அந்தப் படத்தின் நீளம் 4,189 மீட்டர். ஓடும் நேரம் ஏறக்குறைய இரண்டரை மணி. வானளாவும் மாளிகைகளில் தனவந்தர்களும், பூமிக்கு அடியில் யந்திரங்களின் நடுவே தொழிலாளரும் வாழும் ஒரு வருங்கால நகரத்தை, ஃபிரிட்ஸ் லாங் இயக்க, அவர் மனைவி தேயா ஃபான் ஹார்பூ கதை எழுத, ஊஃபா என்ற கம்பெனி தன் கஜானாவைக் காலி செய்து சிருஷ்டித்தது. அதில் வரும் உலோகப் பெண், பின்னாளில் விஞ்ஞானப் படங்களில் உலவிய யந்திர மனிதர்கள் அத்தனை பேருக்கும் பாட்டி முறை. ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை. அமெரிக்காவில் அதை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனத்தார், நீளம் தாங்காது என்று கருதி, சானிங் போலாக் என்ற நாடகாசிரியரின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். ஜெர்மனியிலும் சில மாதங்களுக்குள் படத்தைத் திரும்ப வாங்கிக் குறுக்கி மறுபடி வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போயிற்று.

போனதில் என்ன இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நகரத்தின் அதிபதியும் யந்திரங்களைப் படைக்கும் விஞ்ஞானியும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் அதிபதியை மணந்து, ஒரு மகனைப் பெற்றுவிட்டு மாண்டுபோனாள். மாண்டவளை எப்படியாவது மீட்டுவிட வேண்டுமென்ற வெறியினால்தான் விஞ்ஞானி அந்த உலோகப் பெண்ணைச் செய்தான் என்பது கதையின் ஆணிவேர். இறந்தவளின் பெயர் ஹெல். ஆங்கிலக் காதுக்கு அது நரகம் என்று கேட்கும், கொட்டகையில் சிரிப்பார்கள் என்று பயந்து, போலாக் அவளை அடியோடு நீக்கிவிட்டார். பெயர் இடித்தால் பெயரை மாற்றியிருக்கலாம். ஆளையே எடுத்துவிட்டபடியால், விஞ்ஞானி எதற்காக இவ்வளவு மெனக்கெட்டான் என்பது தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு விளங்காமலே போயிற்று.

வீட்டுக்குள் படம் வந்த காலத்தில் இந்த வெட்டுப்பட்ட உடம்புதான் வந்தது. 1953-ல் அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால், வீடியோ கேசட் யுகம் பிறந்ததும், கைக்கு அகப்பட்ட பிரதியை யார் வேண்டுமானாலும் நாடாவில் ஏற்றி விற்கலாம் என்றாயிற்று. கேட்பாரற்ற தோப்பில் காய் பறிக்கப் பத்துப் பேர் வருவார்கள். தண்ணீர் பாய்ச்ச ஒருவரும் வரமாட்டார். நான் முதன்முதலில் பார்த்த ‘மெட்ரோபோலிஸ்’ அப்படிப்பட்ட கேசட் ஒன்றுதான். முகங்களெல்லாம் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்திருந்தன. பாதாள நகரத்தில் வெள்ளம் புகுந்து குழந்தைகள் மேடேறும் இடத்தில் தண்ணீர் எது, குழந்தை எது என்று தெரியவில்லை. பின்னணியில் யாரோ படத்தைப் பாராமலே பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். இதுதானா உலகம் புகழும் படம் என்று எண்ணிக்கொண்டு அன்று தூங்கப் போனேன். அந்த எண்ணத்தைக் கலைக்கப் பிற்பாடு எனக்கு வெகு காலம் பிடித்தது. இடையில் 1984-ல் ஜார்ஜியோ மொரோடர் என்ற இசைக்காரர், படத்துக்கு வர்ணம் ஊட்டி, பிரெடி மெர்க்குரி முதலானோரின் பாட்டுகளையும் சேர்த்து ஒரு பதிப்பு கொண்டுவந்தார். அதை அபசாரம் என்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன், அசலைத் தேடவேண்டுமென்ற ஆசையைப் பல வாலிபர்களுக்கு மூட்டியது அந்த அபசாரந்தான்.

ப்யூனஸ் அயர்ஸுக்குத் திரும்புவோம். சம்மாரிட்டானோ விரலால் தாங்கிய பிரதியை நேரில் பார்த்துவிட வேண்டுமென்று பென்யா பல வருஷம் முயன்றும் வழி பிறக்கவில்லை. பெர்லின் திரையீட்டின் சூட்டோடு சூடாக ஒரு அர்ஜெண்டின விநியோகஸ்தர் முழுப் படத்தையும் வாங்கித் தம் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார். அது ஒரு விமரிசகரின் சேகரிப்புக்குப் போய், அங்கிருந்து அரசாங்கக் கலை நிதியத்துக்குப் போய், கடைசியில் நகரத்தின் திரைப்பட அருங்காட்சியகத்தில் அடைக்கலம் புகுந்திருக்கிறது. 2008-ல் பாவுலா ஃபெலிக்ஸ் தித்யே என்ற அம்மையார் அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றதும், அவரும் பென்யாவும் சேர்ந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். இருந்தது. ஆனால் இருந்த விதம் கொஞ்சம் துக்ககரமானது. பழைய நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பற்றுவது. பற்றிவிட்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரிவது. ஆகவே யாரோ ஜாக்கிரதையாக அதை 16 மில்லிமீட்டர் பிலிமில் சிறியதாகப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தை அழித்திருந்தார்கள். பிலிமின்மேல் எண்ணெயும் அழுக்கும் ஒட்டியிருந்தால் கழுவலாம். பிரதி எடுக்கும்போது கீறலும் படத்தோடு படமாகப் பதிந்துவிட்டால், எந்தக் கங்கையில் முழுக்கினாலும் போகாது.

புதிதாகக் கிடைத்த சுமார் 25 நிமிஷக் காட்சிகளை, காட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் அந்தப் படத்துக்கென்றே எழுதிய இசைக் குறிப்புகளின் துணையோடு உரிய இடங்களில் கோத்து, ஜெர்மனியிலுள்ள முர்னாவ் அறக்கட்டளையினர் படத்தைச் செப்பனிட்டார்கள். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி பெர்லினில் அது அரங்கேறியபோது, பிராண்டன்பர்க் வாசலில் திரை கட்டி, கடுங்குளிரில் தெருவில் நின்றும் ஜனங்கள் பார்த்தார்கள். அதே வருஷம் நவம்பரில் டிவிடியாகவும் புளூ-ரே தகடாகவும் கடைக்கு வந்தது. முதல் திரையீட்டுக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையில் 83 வருஷம். தகட்டைப் போட்டுப் பார்க்கிறவர்கள் எந்தக் காட்சி ஐரோப்பாவில் பிழைத்தது, எது அர்ஜெண்டினாவில் பிழைத்தது என்பதை விளக்கமில்லாமலே கண்டுகொள்ளலாம்: கண்ணாடிபோல் ஓடிக்கொண்டிருக்கும் படம் சட்டென்று மழை பெய்ததுபோல் கீறல் விழுந்து, ஓரத்தில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, சற்றுச் சிறுத்து நிற்கும். எனக்கு அந்த மழை பிடித்திருக்கிறது. செப்பனிட்டவர்கள் அதை ஒளிக்க முயலாததும் பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு காட்சிகள் வரவில்லை. தேவாலயத்தில் துறவி பிரசங்கம் செய்வது ஒன்று, அதிபதியும் விஞ்ஞானியும் கைகலப்பது மற்றொன்று. அவற்றுக்கு எழுத்தில் விளக்கம் போட்டுவிட்டுப் படம் மேலே போகிறது.

எல்லாப் படத்துக்கும் இவ்வளவு பெரிய புராணம் கிடையாது. என்றாலும் விஞ்ஞானப் படங்களில் ருசி உள்ளவர்கள், மற்றப் படங்களை விரும்புகிறவர்களைக் காட்டிலும் அதிகம் காத்திருக்கப் பழகியவர்கள். அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு அவை பெரும்பாலும் மட்டமான சரக்கு; பையன்கள் பார்க்கிற செவ்வாய்க் கிரகக் கூத்து; ஓடி முடிந்ததும் மூலப் பிரதி எங்கே கிடந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். அது மட்டுமா? படம் வீட்டுக்கு வரும் வாகனமே பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது. 1975-ல் பீட்டாமேக்ஸ், மறு வருஷம் விஎச்எஸ், 1978-ல் லேசர் தட்டு, 1996-ல் டிவிடி, 2006-ல் புளூ-ரே, 2016-ல் 4கே தகடு. புதிய வாகனம் வந்த ஒவ்வொரு தடவையும் ரேஷன் கடை வரிசையைக் கலைத்து மறுபடி நிற்கச் சொன்னதுபோல் எல்லாப் படங்களும் முதலிலிருந்து காத்து நிற்க வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு, 1950-களில் வந்த அகலத் திரைப் படங்களைச் சதுரமான டெலிவிஷன் பெட்டிக்குள் அடைப்பதற்காக இரண்டு பக்கமும் வெட்டிவிடுவார்கள். ‘ஃபர்பிட்டன் பிளானட்’ போன்ற படத்தில் இருவர் பேசினால் ஒருவர் மூக்கும் மற்றவர் காதும்தான் கேசட்டில் தெரியும். மேலும் கீழும் கறுப்பாக விட்டு முழு அகலத்தையும் காட்டும் முறையை லேசர் தட்டில் பிரபலப்படுத்திய கிரைடீரியன் நிறுவனம், அப்படி முதன்முதலாக வெளியிட்டது ஒரு விஞ்ஞானப் படத்தையே: 1956-ல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’. பாதி டிவியைக் கறுப்புக்குக் கொடுத்துவிட்டார்களே என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்களாம். இன்று நம் வீட்டு டிவிகளே அகலமாகிவிட்டன.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. பொறுத்தவர்களுக்குச் சந்திர மண்டலமே கிடைத்த விருத்தாந்தம் ஒன்று உண்டு. 1902-ல் ஜார்ஜ் மெலியஸ் எடுத்த ‘சந்திரனுக்கு ஒரு யாத்திரை’, கால் மணி நேரப் படம். நிலவின் கண்ணில் குண்டு வந்து பாய்கிற அந்தக் காட்சியைப் படத்தைப் பார்க்காதவர்களும் பார்த்திருப்பார்கள். சில பிரதிகளுக்குப் பாரிஸில் எலிசபெத் துயில்லியே என்ற அம்மையாரின் பட்டறையில், பெண் தொழிலாளர்கள் தூரிகையால் கட்டம் கட்டமாக வர்ணம் தீட்டினார்கள். மெலியஸ் நொடித்துப் போனார். மனம் வெறுத்துத் தம் நெகடிவ்களைத் தாமே எரித்தார். பிற்காலத்தில் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார். வர்ணப் பிரதி ஒன்றாவது உலகில் மிஞ்சியிருக்கும் என்று ஒருவரும் நம்பவில்லை. 1993-ல் பார்ஸிலோனாவில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் காட்டலோனியத் திரைப்படக் காப்பகத்துக்கு அளித்த சுமார் 200 படங்களுக்கிடையே அது இருந்தது. இருந்தது என்றால், படமாக இல்லை. சுருள் முழுவதும் இறுகி ஒரே கட்டையாகிவிட்டிருந்தது.

பாரிஸ் நகரத்து லோப்ஸ்டர் ஃபிலிம்ஸைச் சேர்ந்த செர்ஜ் பிரோம்பெர்க்கும் எரிக் லாஞ்சும் 1999-ல் அந்தக் கட்டையைத் தங்கள் படம் ஒன்றைக் கொடுத்து மாற்றி வாங்கினார்கள். நன்றாக ஆராய்ந்தபோது, சுருளின் ஓரங்கள்தாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் படம் உள்ள பகுதி ஒட்டவில்லை என்பது தெரிந்தது. ரசாயன ஆவியில் வைத்து இளக்கி, அப்பளக் கட்டில் ஒட்டிக்கொண்டதைக் கிழியாமல் உரிப்பதுபோல், சிறிது சிறிதாகப் பிரித்து, பிரிந்ததை உடனுக்குடன் படம் பிடித்துவைத்தார்கள். படத்தில் இருப்பவை 13,375 கட்டங்கள். பிரித்தெடுத்த துண்டுகளையெல்லாம் ஒழுங்காக இணைப்பதற்கேற்ற கணினி வசதி அப்போது இல்லை. ஆகவே பத்து வருஷம் அப்படியே வைத்துக் காத்திருந்தார்கள். 2011-ல் கான் திரைப்பட விழாவில் சந்திரன் வர்ணத்தோடு எழுந்தது. மறு வருஷம் புளூ-ரேயில் வீட்டுக்கு வந்தது. ஒரு வேடிக்கை: குண்டு புறப்படும்போது ஆட்டுகிற கொடிக்குப் பிரெஞ்சு வர்ணம் தீட்டாமல் ஸ்பானிய வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்து வாடிக்கைக்காரருக்காகத் தயாரான பிரதி அல்லவா? வியாபாரம் நூறு வருஷத்துக்கு முன்னாலும் வியாபாரந்தான்.

வேறு சில படங்களில் பிலிம் நன்றாகவே இருந்தும் பார்வை கெட்டுப்போயிருந்தது. ஜார்ஜ் பால் தயாரித்து 1953-ல் வந்த ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தில் செவ்வாய்க் கிரகத்தாரின் போர் யந்திரங்கள் ஆகாயத்தில் மிதந்து வரும். மெல்லிய கம்பிகளில் கட்டித் தொங்கவிட்டவை. டெக்னிகலர் முறையில், மூன்று வர்ணங்களுக்கு மூன்று கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் எடுத்து, சாயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட பிரதிகளில், நிழல்கள் ஆழ்ந்து, கம்பிகள் அந்த இருட்டில் கரைந்துபோயின. பிற்காலத்தில் வேறு முறையில் எடுத்த வெளிச்சமான பிரதிகளில் கம்பிகள் வெளிப்பட்டுவிட்டன. டிவிடியிலோ வேட்டி காயப்போடும் கொடிபோலப் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு ஏமாளிகள் என்று புதிய ரசிகர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தவன். ஏமாந்தது நாம்தான், அவர்கள் பார்த்த படத்தை நாம் பார்க்கவேயில்லை. 2018-ல் பாரமவுண்ட் நிறுவனத்தார் அந்த மூன்று நெகடிவ்களிலிருந்தே மறுபடி தொடங்கி, வர்ணத்தைச் சரிசெய்து, கம்பியை மறைத்தார்கள். 2020-ல் அது புளூ-ரேயாக வெளிவந்தது. கம்பியை மறைத்தது நியாயமா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அன்று கொட்டகையில் தெரியாததை இன்று தெரியாமல் செய்வது நியாயமே என்பது என் கட்சி.

கடல் கடந்து போனதால் காத்திருக்க நேர்ந்த கதை ‘கோட்ஸில்லா’வினுடையது. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகின்மேல் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் படம் வந்தது. கடலில் ஒரு கப்பல் திடீரென்று எரிந்து அழிவதில்தான் அது தொடங்குகிறது. டோக்கியோவில் அதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பூதக் கதையாக இருந்திருக்க முடியாது. 1956-ல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் 96 நிமிஷப் படத்தை 80 நிமிஷமாக்கி, ரேமண்ட் பர் என்ற நடிகரைப் புதிதாகப் படம் பிடித்து நடுநடுவே ஒட்டி, அணுகுண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதியை மட்டுப்படுத்தினார்கள். அமெரிக்க ரசிகன் ஹோண்டாவின் படத்தை அதன் முழு வடிவில் தன் வீட்டு டிவிடியில் போட்டுப் பார்த்தது 2006-ல்தான்.

கிடைத்த பிரதி மோசமில்லை, உரிமையாளர் யார் என்பதிலும் தகராறில்லை, ஆனாலும் வரவில்லை என்ற ரகமும் உண்டு. ஜேம்ஸ் கேமரூனின் ‘தி அபிஸ்’ 1989-ல் வந்த படம். 2000-த்தில் டிவிடி வந்தது. அதற்கப்புறம் புதிய பதிப்பை இயக்குநரே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், இயக்குநருக்கோ ‘அவதார்’ வேலை. 4கே தகடு 2024 மார்ச்சில் வந்தது. கூடவே வந்த ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ தகடுகளைப் பார்த்தவர்கள், பிலிமுக்கே உரிய மணித்துகளையெல்லாம் கணினியால் துடைத்து முகங்களை மெழுகாக்கிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். குறை நியாயமானது. கால் நூற்றாண்டு காத்திருந்தவனுக்குப் பிலிம் வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம். ‘ஸ்டார் வார்ஸ்’ விஷயம் இதற்கும் ஒரு படி மேல்: 1977-ல் கொட்டகையில் ஓடிய வடிவத்தை, பின்னால் திருத்தங்கள் செய்த ஜார்ஜ் லூகாஸ், 2006-ல் ஒரு டிவிடியின் இணைப்பாக, லேசர் தட்டுக்காக எடுத்திருந்த பழைய பிரதியிலிருந்து போனால் போகிறதென்று கொடுத்தார், 2011-ல் வந்த புளூ-ரேயில் திருத்திய வடிவந்தான் இருந்தது.

தாமதத்தைவிட அவசரம் கெடுதல் என்பது இவ்வளவும் பார்த்தபின் என் அபிப்பிராயம். மோசமான பதிப்பு ஒன்று கடைக்கு வந்துவிட்டால், உரிமையாளருக்கு வேலை முடிந்ததென்ற திருப்தி வந்துவிடுகிறது. ரசிகனுக்கோ படமே இவ்வளவுதான் என்ற அலட்சியம் வந்துவிடுகிறது.

நம் ஊருக்கும் இந்த விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தாரும் கூட்டாக 1952-ல் எடுத்து, அங்கே ‘தி ஜங்கிள்’ என்றும் இங்கே ‘காடு’ என்றும் வெளியிட்ட படத்தில், நம் யானைகளுக்குச் சடைமயிர் போர்த்தி ஆதிகாலத்து மாமத மிருகங்களாக நடிக்கவைத்தார்கள். 1963-ல் காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில், வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள். பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகச் சுருள்களை உருக்கிக் காசாக்கிய தேசம் இது. ஆகையால் பரணிலோ, மூடிப்போன டூரிங் டாக்கீஸின் சாமான் அறையிலோ துருப்பிடித்த தகர டப்பா ஏதாவது அகப்பட்டால், அவசரப்பட்டுச் சுருளைப் பிரிக்க வேண்டாம். காடி நாற்றம் அடித்தால் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்திய பிலிம் என்றால் தீப்பற்றும் ஜாதியாக இருக்கலாம், விளக்கருகே கொண்டுபோகவும் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை மட்டும் குறித்துக்கொண்டு, புனேயில் 1964-ல் ஏற்படுத்தப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பழைய சாமான்காரரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.